இரண்டு மருந்து, ஒரே பொதி: நனோ மருந்து பற்றி நாம் அறிய வேண்டியவை

"நனோ மருந்து கண்டுபிடித்துவிட்டார்களாம். இனிப் புற்றுநோய்க்குப் பயப்படத் தேவையில்லையாம்." இப்படியொரு செய்தி எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி சுற்றி வருகிறது. யாருக்கும் நோய் இல்லாத வீட்டில் அது வெறும் செய்தி. நோயாளி இருக்கும் வீட்டில் அப்படியில்லை. ஊரில் இருக்கும் அக்காவுக்கு அந்த மருந்தை இங்கிருந்து வாங்கி அனுப்பலாமா, காணியை விற்றாவது இந்தியாவுக்குக் கொண்டுபோகலாமா என்று கேள்விகள் எழும். இங்கேயே சிகிச்சை பெறுபவர்களோ, "எங்களுக்கு ஏன் அதைத் தரவில்லை? அகதியாக வந்தவர்கள் என்பதாலா?" என்று மனம் குமைவார்கள்.

நான் வைத்தியன் அல்லன். ஊரில் வணிகமாணிப் பட்டம் பெற்று, அகதியாக வந்த நாட்டில் கணக்காளனாக வேலை செய்பவன். வரிப் பத்திரம் நிரப்பித் தரச் சொல்லி வருபவர்கள் சில வேளைகளில் வைத்தியசாலைக் கடிதத்தையும் சேர்த்து நீட்டுவார்கள். அவற்றை விளங்கிக்கொள்வதற்காகப் படித்தவற்றை இங்கே பகிர்கிறேன். "நனோ" என்று பொதுவாகப் பேசினால் ஒன்றும் பிடிபடாது. ஆகவே உண்மையில் பாவனையில் உள்ள ஒரேயொரு மருந்தை எடுத்துக்கொண்டு அதன் கணக்கைப் பார்ப்போம். அதன் பெயர் விக்சியோஸ். இரண்டு புற்றுநோய் மருந்துகளை ஒரே நுண்பொதிக்குள், குறித்த விகிதத்தில் அடைத்துக் கொடுக்கும் மருந்து அது.

ஏன் ஒரு மருந்து போதாது?

காசநோய்க்கு மூன்று நான்கு மருந்துகளை ஒன்றாகக் கொடுப்பது எங்களுக்குத் தெரியும். ஒரே மருந்தைக் கொடுத்தால், அதற்குத் தாக்குப்பிடிக்கும் கிருமிகள் மிஞ்சித் திரும்பவும் பெருகும். புற்றுக் கலங்களும் இப்படித்தான். 1960களில் அமெரிக்காவில் எமில் ஃபிரெய்ரைக், எமில் ஃபிரெய் முதலான வைத்தியர்கள் சிறுவர்களின் இரத்தப் புற்றுநோய்க்கு நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அக்காலத்தில் பலர் அதை எதிர்த்தார்கள். ஆனால் பிள்ளைகள் பிழைக்கத் தொடங்கினார்கள். கூட்டுச் சிகிச்சை அன்றிலிருந்து புற்றுநோய் வைத்தியத்தின் அடிப்படையாகிவிட்டது.

வளர்ந்தோருக்கு வரும் இரத்தப் புற்றுநோய்களில் கடுமையானது, ஏ.எம்.எல். எனச் சுருக்கமாகச் சொல்லப்படும் அக்கியூட் மைலொயிட் லுக்கேமியா. இதற்கு 1973 முதல் கொடுக்கப்பட்டு வரும் சிகிச்சையை "ஏழும் மூன்றும்" என்பார்கள். சைற்றராபின் என்ற மருந்து ஏழு நாள் இரவு பகலாக ஏற்றப்படும். டோனோரூபிசின் என்ற மருந்து அதில் மூன்று நாள் கொடுக்கப்படும். கலம் பெருகும்போது புதிய மரபிழை எழுதப்பட வேண்டும். சைற்றராபின் அந்த எழுத்துகளில் ஒன்றைப் போல வேடமிட்டு உள்ளே புகுந்து எழுதுவதை நிறுத்தும். டோனோரூபிசின் மரபிழையின் இழைகளுக்கு இடையே செருகிக்கொண்டு அதை உடைக்கும். இரண்டும் இரண்டு பக்கத்தால் அடிப்பதால் பலன் கூடும்.

வழியில் குழம்பும் விகிதம்

தோசைக்கு ஊறப்போடும்போது உழுந்துக்கும் அரிசிக்கும் ஓர் அளவு உண்டு. இரண்டும் நல்ல பொருள்தான் என்பதற்காக எந்த அளவிலும் போட முடியாது. மருந்துகளும் அப்படித்தான் என்பது ஆய்வுகூடத்தில் தெரிய வந்தது. கனடாவின் வன்கூவர் நகரில், பிரிட்டிஷ் கொலம்பியா புற்றுநோய் முகமையைச் சேர்ந்த லோரன்ஸ் மேயர், மார்சல் பாலி முதலானோரின் ஆய்விலிருந்து செலேற்றர் என்ற நிறுவனம் உருவானது. அங்கே இரண்டு மருந்துகளையும் வெவ்வேறு விகிதங்களில் கலந்து புற்றுக் கலங்கள் மேல் சோதித்தார்கள். சில விகிதங்களில் ஒன்றுக்கொன்று உதவின. வேறு சில விகிதங்களிலோ ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுத்தது. சைற்றராபின் மூலக்கூறு ஐந்துக்கு டோனோரூபிசின் ஒன்று என்ற அளவில் உதவி மிகுந்தும் இடையூறு குறைந்தும் இருந்தது.

ஆனால் ஆய்வுகூடக் கண்ணாடிக் குவளை வேறு, மனித உடல் வேறு. நாளத்தில் ஏற்றியதும் ஒவ்வொரு மருந்தும் தன் பாட்டில் போகும். சைற்றராபின் சில மணித்தியாலத்திலேயே சிதைந்து வெளியேறிவிடும். டோனோரூபிசின் இழையங்களுக்குள் புகுந்து நீண்ட நேரம் தங்கும். ஒரே நேரத்தில் இரண்டு லொறிகளில் புறப்பட்ட சாமான், ஒன்று முந்தி ஒன்று பிந்தி, வழியில் பாதி கொட்டுப்பட்டு வந்து சேர்வது போன்ற நிலை. ஏற்றிய இடத்தில் இருந்த ஐந்துக்கு ஒன்று என்ற அளவு, எலும்பு மச்சைக்குப் போய்ச் சேரும்போது என்னவாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

கொழுப்பால் ஆன பொதி

இங்கேதான் நனோ வருகிறது. ஒரு நனோமீற்றர் என்பது ஒரு மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு. எங்கள் இரத்தத்தில் உள்ள செங்குழியம் ஏறத்தாழ 7,000 நனோமீற்றர் அகலமானது. விக்சியோஸின் ஒரு பொதி சுமார் 100 நனோமீற்றர்.

அந்தப் பொதிக்கு லிப்போசோம் என்று பெயர். எங்கள் உடற்கலங்களின் சுவர் எந்த வகைக் கொழுப்பால் ஆனதோ, அதே வகைக் கொழுப்பால் ஆன நுண்குமிழி அது. 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் அலெக் பாங்கம் என்ற ஆய்வாளர் இத்தகைய குமிழிகளை முதலில் இனங்கண்டார். அவற்றுள் மருந்தை அடைக்கும் எண்ணம் பின்னர் வந்தது. 1995இல் டொக்சில் என்ற மருந்துக்கு அமெரிக்கா அனுமதி அளித்தது. டொக்சோரூபிசின் என்ற பழைய மருந்தை லிப்போசோமுக்குள் அடைத்ததே டொக்சில். பழைய மருந்து இதயத்துக்குச் செய்யும் கெடுதியை அது குறைத்தது. எனவே "நேற்றுக் கண்டுபிடித்த நனோ மருந்து" என்று வரும் செய்திகளை வாசிக்கும்போது, முதல் நனோ புற்றுநோய் மருந்து 1995இலேயே வந்துவிட்டது என்பதை நினைவில் வைத்திருங்கள்.

டொக்சில் பொதிக்குள் இருப்பது ஒரு மருந்து. விக்சியோஸ் பொதிக்குள் இரண்டும், ஐந்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் அடைக்கப்பட்டிருக்கின்றன. இரத்தத்தில் சுற்றும்போது மருந்து பொதிக்குள்ளேயே இருக்கும். 24 மணித்தியாலம் கடந்த பின்னரும் விகிதம் குலையாது. எலும்பு மச்சையில் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களில் இயற்கையாகவே இடைவெளிகள் உண்டு. பொதிகள் அங்கே சேர்கின்றன. விலங்குகளில் செய்த ஆய்வுகளில், சாதாரண மச்சைக் கலங்களை விடப் புற்றுக் கலங்களே அவற்றைக் கூடுதலாக விழுங்கின. பொதி கலத்துக்குள் போய்க் கரைந்த பிறகு இரண்டு மருந்துகளும் ஒன்றாக வெளிவரும்.

இந்த மருந்தின் கணக்கு

பழைய "ஏழும் மூன்றும்" முறையையும் விக்சியோஸையும் அமெரிக்காவிலும் கனடாவிலும் 309 நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எல்லோரும் 60 முதல் 75 வயதுக்குட்பட்டவர்கள். குணமாவது கடினமான ஏ.எம்.எல். வகைகள் அவர்களுக்கு இருந்தன. சீட்டுக் குலுக்கியது போல 153 பேருக்கு விக்சியோஸ், 156 பேருக்குப் பழைய முறை.

முதலில் மருந்தின் அளவைப் பாருங்கள். உடற்பரப்பின் ஒரு சதுர மீற்றருக்கு, பழைய முறையின் முதற் சுற்றில் சைற்றராபின் 700 மில்லிகிராம், டோனோரூபிசின் 180 மில்லிகிராம். விக்சியோஸில் முதலாம், மூன்றாம், ஐந்தாம் நாட்களில் ஒன்றரை மணித்தியாலம் வீதம் ஏற்றுவார்கள். மூன்று நாளும் சேர்ந்து சைற்றராபின் 300, டோனோரூபிசின் 132. இரண்டும் குறைவு.

இனி விளைவு. நோய் அடங்கிய நிலையை எட்டியவர்கள் விக்சியோஸ் பக்கத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 48 பேர், மற்றப் பக்கத்தில் 33 பேர். முதல் 60 நாட்களுக்குள் இறந்தவர்கள் ஒரு பக்கம் நூற்றுக்கு 14, மறு பக்கம் 21. உயிர்வாழ்ந்த காலத்தின் நடுமதிப்பு 9.56 மாதம், மற்றதில் 5.95 மாதம். ஐந்து ஆண்டு கடந்தும் உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 18 பேர், மற்றதில் 8 பேர்.

இந்த முடிவுகளை வைத்து 2017 ஆகஸ்டில் அமெரிக்காவும் 2018இல் ஐரோப்பிய ஒன்றியமும் அனுமதி கொடுத்தன. 2018 டிசம்பரில் பிரித்தானியாவின் நைஸ் அமைப்பு பொதுச் சுகாதார சேவையில் இதைப் பயன்படுத்தலாம் எனப் பரிந்துரைத்தது.

எண்களை வாசிக்கும் விதம்

"ஒன்பதரை மாதம்" என்று வைத்தியர் சொன்னதும் பல வீடுகளில் நாட்காட்டியைப் பார்த்துத் திகதி குறித்துவிடுவார்கள். அது தவறான வாசிப்பு. நடுமதிப்பு என்பது சராசரியும் அல்ல, தவணையும் அல்ல. 153 பேரையும் வாழ்ந்த காலப்படி வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் காலம் அது. அவருக்கு முன்னால் பாதிப் பேர், பின்னால் பாதிப் பேர். பின்னால் நிற்பவர்களில் சிலர் ஆறாம் ஆண்டையும் காண்கிறார்கள். அப்பா வரிசையில் எங்கே நிற்பார் என்பதை அந்த எண் சொல்லாது. அவருடைய வயது, உடல் நிலை, புற்றுக் கலத்தில் உள்ள மரபணு மாற்றம் ஆகியவற்றைப் பார்த்து வைத்தியர் ஓரளவு சொல்லலாம்.

மறு பக்கமும் உண்டு. ஐந்தாண்டில் 8 பேர் 18 பேரானது பெரிய முன்னேற்றம். அதேவேளை நூற்றுக்கு 82 பேர் அந்த ஐந்தாம் ஆண்டைக் காணவில்லை. இரண்டு வரிகளையும் சேர்த்து வாசித்தால்தான் கணக்குச் சரி. வாட்ஸ்அப் செய்தியில் முதல் வரி மட்டும் வரும். சில உறவினர்களின் வாயில் இரண்டாவது வரி மட்டும் வரும்.

செலவுப் பக்கம்

நனோ என்றதும் பக்கவிளைவே இல்லை என்று நினைக்கக் கூடாது. விக்சியோஸும் கீமோதான். பொதி உடலில் நீண்ட நேரம் தங்குவதால், இரத்த அணுக்கள் திரும்பவும் ஏறுவதற்குப் பழைய முறையை விடக் கூடுதல் நாள் பிடிக்கும். கிருமிகளை எதிர்க்கும் வெண்குழியங்கள் மீள்வதற்கு 29 நாளுக்குப் பதிலாக 35 நாள் அளவில் தேவைப்பட்டது. அந்த நாட்களில் சிறு காய்ச்சலும் ஆபத்து. "காய்ச்சல்தானே, பனடோல் போட்டுப் படுக்கட்டும்" என்று விடாமல் உடனே வைத்தியசாலைக்கு அழைக்க வேண்டும். நோயாளியைப் பார்க்க வீட்டுக்கு ஆட்கள் திரண்டு போகும் எங்கள் வழக்கத்தையும் அந்த ஒன்றரை மாதம் தள்ளி வைக்கலாம்.

இந்தப் பொதியில் செம்பு உண்டு. உடலில் செம்பு தேங்கும் வில்சன் நோய் குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். இன்னொன்று: விக்சியோஸின் அளவும் அதே இரண்டு மருந்துகளைத் தனித்தனியே கொடுக்கும் அளவும் ஒன்றல்ல. ஒன்றுக்குப் பதில் மற்றதைக் கொடுக்கக் கூடாது என்று மருந்துப் பெட்டியிலேயே கடும் எச்சரிக்கை இருக்கிறது. ஆகவே தெரிந்தவருடைய சிகிச்சைத் தாளையும் உங்களுடையதையும் பக்கத்தில் வைத்து, "அவருக்கு 700, எங்களுக்கு 300, குறைத்துத் தருகிறார்கள்" என்று முடிவுக்கு வர வேண்டாம்.

மற்றப் புற்றுநோய்களுக்கு ஏன் இல்லை?

மார்பு, குடல், நுரையீரல் போன்ற உறுப்புகளில் கட்டியாக வரும் புற்றுநோயின் கதை வேறு. கட்டிகளின் இரத்தக் குழாய்கள் ஒழுகும் தன்மை கொண்டவை, நுண்பொதிகள் அவ்வழியே புகுந்து தங்கும் என்று 1986இல் ஜப்பானிய ஆய்வாளர்களான மட்சுமுராவும் மயேதாவும் எழுதினார்கள். பெரும் நம்பிக்கை பிறந்தது. ஆனால் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் வொரன் சானின் குழு, பத்தாண்டுகளில் வெளிவந்த 117 ஆய்வறிக்கைகளைக் கூட்டிப் பார்த்து 2016இல் ஒரு கணக்கை வெளியிட்டது. ஆய்வு விலங்குகளுக்கு ஏற்றிய நனோ துகள்களில் கட்டியைப் போய்ச் சேர்ந்தவை, நடுமதிப்பாக, நூற்றுக்கு 0.7 மட்டுமே. ஆயிரம் பொதி அனுப்பினால் ஏழு. மிச்சத்தில் பெரும்பகுதியை ஈரலும் மண்ணீரலும் வடித்தெடுத்துவிடும்.

இதனால் கட்டிகளுக்கு நனோ மருந்தே இல்லை என்று ஆகாது. கணையப் புற்றுநோயில் அப்ராக்சேன், ஒனிவைட் ஆகிய நனோ மருந்துகள் வேறு மருந்துகளுடன் சேர்த்துக் கொடுக்கப்படுகின்றன. ஆனால் அவற்றின் பலனும் மாதங்களில்தான் அளக்கப்படுகிறது. செலேற்றர் நிறுவனமே குடற் புற்றுநோய்க்காக இன்னொரு இரட்டை மருந்துப் பொதியைச் செய்து நோயாளிகளிடம் சோதித்தது. அது சந்தைக்கு வரவில்லை.

ஏ.எம்.எல். உள்ள எல்லோருக்கும் விக்சியோஸ் பொருந்தும் என்பதும் இல்லை. முன்பு வேறு நோய்க்குக் கீமோவோ கதிரியக்கமோ பெற்றதால் பின்னர் ஏ.எம்.எல். வந்தவர்களுக்கும், எலும்பு மச்சைக் கோளாறிலிருந்து அது முற்றியவர்களுக்குமே அனுமதி. உடல் தளர்ந்த முதியவர்களுக்கு வெனற்றோகிளக்ஸ் குளிசையுடன் இலேசான ஊசி கொடுப்பது வழக்கம். சில மரபணு மாற்றங்களுக்குப் பழைய ஏழும் மூன்றுடன் தனிக் குளிசை சேர்ப்பார்கள். பிரித்தானியாவில் ஒப்பீட்டளவில் இளைய நோயாளிகளிடம் வேறொரு தீவிரக் கூட்டுச் சிகிச்சையுடன் விக்சியோஸை ஒப்பிட்டபோது உயிர்வாழும் காலத்தில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. ஆகவே "எங்களுக்கு ஏன் தரவில்லை" என்ற கேள்விக்கு, பெரும்பாலும், நோயின் வகையே பதில். மனதில் வைத்துப் புழுங்காமல் வைத்தியரிடமே கேட்டுவிடுங்கள்.

ஊரில் உள்ளவர்களுக்கு

சைற்றராபின், டோனோரூபிசின் இரண்டும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை. இலங்கையில் மகரகம, தெல்லிப்பழை போன்ற அரச வைத்தியசாலைகளில் புற்றுநோய்ச் சிகிச்சை இலவசம். அங்கே பழைய மருந்து கொடுக்கிறார்கள் என்பதற்காக அதை இடையில் நிறுத்திவிட்டு, "நனோ" என்ற பெயரைத் தேடி ஓடுவதுதான் உண்மையான ஆபத்து. விக்சியோஸ் போன்றவை வைத்தியசாலையில் நாளத்தில் ஏற்றப்படுபவை. தபாலில் வரும் குளிசையாகவோ, "நனோ மஞ்சள்" போத்தலாகவோ அவை கிடைக்கா. அப்படி ஒன்றை யாராவது விற்க வந்தால் மூன்றைக் கேளுங்கள்: எந்த நாட்டு மருந்து நிர்வாகம் இதற்கு அனுமதி கொடுத்தது? எந்தப் புற்றுநோய்க்கு? எத்தனை நோயாளிகளிடம், எதனோடு ஒப்பிட்டார்கள்? பதில் இல்லாவிட்டால் காசைப் பையிலேயே வைத்திருங்கள்.

வைத்தியரிடம் கேட்க வேண்டியவை

நோயின் சரியான பெயரும் உபவகையும் என்ன? மரபணுச் சோதனை முடிவு வந்துவிட்டதா? இந்தச் சிகிச்சையின் நோக்கம் குணப்படுத்துவதா, காலத்தை நீட்டுவதா, வேதனையைக் குறைப்பதா? பொருத்தமான மருத்துவ ஆய்வு ஏதும் நடக்கிறதா? இந்த நாலையும் எழுதிக்கொண்டு போங்கள். பதிலையும் எழுதுங்கள்.

பதினைந்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அம்மாவின் ஆயுளைப் பற்றிய வசனத்தை அம்மாவிடமே சொல்லும் சுமை அந்தப் பிள்ளைக்கு வேண்டாம். கனடாவிலும் பிரித்தானியாவிலும் வைத்தியசாலையிடம் முன்கூட்டிக் கேட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்குசெய்து தருவார்கள்.

எங்கள் கையில் இருப்பது

மேலே சொன்ன ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. விக்சியோஸ் பெற்றவர்களில் நூற்றுக்கு 34 பேரும் மற்றவர்களில் 25 பேரும் அடுத்த படிக்குப் போனார்கள். அந்தப் படி, வேறொருவரின் குருத்துக் கலங்களைப் பெற்று எலும்பு மச்சையைப் புதுப்பிக்கும் மாற்றுச் சிகிச்சை. இத்தகைய கடுமையான நோயில் நீண்ட காலம் வாழ்பவர்களில் பலர் அவ்வழியே வந்தவர்கள். நனோ பொதி அவர்களை அந்த வாசல் வரை கொண்டுபோய் விட்டது.

வாசலைத் திறக்கப் பொருத்தமான கொடையாளி வேண்டும். கூடப்பிறந்த ஒருவர் பொருந்துவதற்கு நாலில் ஒரு வாய்ப்பு. இல்லாவிட்டால் உலகக் கொடையாளர் பதிவேடுகளில் தேட வேண்டும். பொருத்தம் பெரும்பாலும் ஒரே இனப் பின்னணியில்தான் அமையும். அந்தப் பதிவேடுகளில் தெற்காசியர்கள் குறைவு. எங்கள் குடும்பங்களோ நாலு நாடுகளில் சிதறிக் கிடக்கின்றன. அண்ணன் ஊரில், தம்பி பாரிசில், தங்கை ஒஸ்லோவில்.

கனடாவில் கனேடிய இரத்த சேவையின் பதிவேட்டில் 17 முதல் 35 வயது வரையானவர்கள் சேரலாம். பிரித்தானியாவில் அந்தோனி நோலன் அமைப்பில் 16 முதல் 30 வரை. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவி அனுப்பினால் போதும், செலவில்லை. பிறகு பொருத்தம் வந்து அழைத்தால், பெரும்பாலும் கையிலிருந்து இரத்தம் எடுப்பது போலவே குருத்துக் கலங்களையும் எடுப்பார்கள். அடுத்த தமிழ்ப் பள்ளி விளையாட்டுப் போட்டியிலோ கோயில் திருவிழாவிலோ ஒரு மேசை போட்டு, எங்கள் பிள்ளைகள் இருபது பேரைப் பதிந்தால், நாங்கள் பெயரே அறியாத ஒரு வீட்டுக்கு அது உதவும்.